முனியாண்டி வளைவு

நீளமாக ஒரு ஹார்ன் கேட்டதும் இராக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. முனியாண்டிக் கல்லின் முன்னால் குந்தி, கல்விளக்கில் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். ஃபேக்டரி மேட்டிலிருந்து தொழிலாளர் லயத்துக்கு இறங்கும் ரோட்டில் அந்த வளைவுக்கு வருகிற எந்த வண்டியும் முனிக்கு ஒரு ஹார்ன் கொடுக்காமல் போகாது. தேயிலைக் கொழுந்து லொறி கொடுக்கும். துரையின் ஜீப் கொடுக்கும். பதுளையிலிருந்து துணி மூட்டையோடு வரும் முஸ்லிம் வியாபாரி காமில் நானாவின் பழைய ஆஸ்டின் காரும் கொடுக்கும். பிணம் ஏற்றிய வண்டி மட்டும் சத்தமில்லாமல் போகும். இது தோட்டத்து வழக்கம், யார் போட்டதென்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கு ஹார்ன் நிற்காமல் அடித்தது. விடியற்காலையில் பதுளைக்குப் போன புருஷன் மாரிசாமிக்குக் கோதுமை மா கிடைத்துவிட்டது, வரும் வழியில் நானாவின் காரில் ஏறியிருக்கிறான், சந்தோஷத்தில் அவன்தான் ஹார்னை அமுக்குகிறான் என்று அவள் நினைத்தாள். மாவுக்காக ஹார்ன் அடிக்கலாம் என்கிற பஞ்ச வருஷம் அது. ரோட்டோரம் விறகோடு நின்ற பெண்களும் சிரித்தார்கள்.

பிரேக் பிடிக்காமல்தான் அடிக்கிறார்கள் என்று கார் கண்ணில் பட்ட பிறகுதான் தெரிந்தது. அந்த ரோட்டில் அப்படி ஒரு வேகத்தை யாரும் பார்த்ததில்லை. வளைவுக்குச் சற்று மேலே மண்மேட்டில் மோதி, ஒருதரம் புரண்டு, ரோட்டோர வடிகால் கானுக்குக் குறுக்கே பக்கவாட்டில் விழுந்தது. காமில் நானா கண்ணாடி வழியாக ஊர்ந்து வெளியே வந்தார், இடது கை தொங்கியது. மாரிசாமி வரவில்லை. மடங்கிய தகரத்துக்கு நடுவே அவன் நெஞ்சு சிக்கியிருந்தது. மா மூட்டை வெடித்து ரோடெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. பின்னால் பெற்றோல் தாங்கி கிழிந்து, காலையில் பெய்த மழைத் தண்ணீரோடு பெற்றோலும் சேர்ந்து கானில் இறங்கியது. கான் முனியாண்டிக் கல்லை ஒட்டித்தான் ஓடுகிறது. கல்விளக்கு அதற்கு ஒரு சாண் மேலே எரிந்துகொண்டிருந்தது.

லயத்திலிருந்து ஓடி வந்த ஆண்களை ஃபேக்டரிக் கிளார்க் சிவஞானம் இரண்டு கைகளையும் விரித்துத் தடுத்தார். பதுளை தியேட்டரில் ஒரு படம் விடாதவர். எந்தப் படத்திலும் கார் உருண்டால் அடுத்த நிமிஷம் வெடித்துச் சிதறும், நாலு பேர் சாவதை வேடிக்கை பார்க்க முடியாது என்றார். அவர் கெட்டவர் இல்லை. காமில் நானா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"மோதுனதுக்கு வெடிக்கிறதுன்னா இப்ப நான் உங்களோட பேசிக்கிட்டு நிக்க மாட்டன் தம்பி. எவ்வளவு வேகமா மோதினாலும் பெற்றோலுக்கு நெருப்பு வேணும். இஞ்சின் சூட்டுல பத்துமா இல்லையான்னு எனக்குச் சத்தியம் பண்ண ஏலாது. ஆனா அந்தா எரியுது பாருங்க நெருப்பு."

எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. முனி விளக்கு முறை விளக்கு. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீடு ஏற்ற வேண்டும். ஏற்றிய வீட்டைத் தவிர வேறு கை அதில் படக்கூடாது. எண்ணெய் தீர்ந்து தானாக அணைய வேண்டும். நடுவில் அணைத்தால் அணைத்த வீட்டில் ஓர் உயிர் போகும். இதுவரை யாரும் அணைத்துப் பார்த்ததில்லை, அதனால் யாருக்கும் சந்தேகமும் வந்ததில்லை. அன்றைக்கு இராக்கம்மாவின் முறை. புருஷன் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டுமென்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எண்ணெய் விட்டிருந்தாள்.

நானா தொங்கிய கையைப் பிடித்துக்கொண்டு விளக்கை நோக்கி நடந்தார். சிவஞானம் குறுக்கே வந்து, நீங்கள் தொட்டால் நாளைக்கு வேறு பேச்சாகிவிடும் நானா என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நானா நின்றார். அதற்குப் பிறகு எல்லாக் கண்களும் இராக்கம்மாவிடம் வந்தன. மாமியார் கருப்பம்மா, பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அணைக்காத புள்ள, எம்மவன் உசுரு அது" என்றாள். காருக்குள்ளிருந்து மாரிசாமியின் குரல் கேட்டது. அவனும் சிவஞானம் சொன்னதைக் கேட்டிருக்கிறான்.

"கிட்ட வராத இராக்கு. புள்ளைங்க இருக்கு."

அந்தக் குரல்தான் அவளை எழுப்பியது. தன்னை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிறார்கள் என்றும், எந்தப் பக்கம் போனாலும் அவன் சாவுக்குத் தான்தான் பொறுப்பு என்றும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததால் கோபம் வந்தது. முனிமேல், சிவஞானம் பார்த்த படத்தின்மேல், பக்கத்தில் நின்ற அத்தனை பேர்மேலும் வந்தது. கானில் இறங்கினாள். சேலையின் கீழ்ப்பாதி நனைந்து காலோடு ஒட்டியது. ஊதினால் பொறி தெறிக்கும் என்று பயந்து உள்ளங்கையை அப்படியே சுடர்மேல் வைத்து அமுக்கினாள். பிறகு சிவந்திருந்த திரியின் நுனியை இரண்டு விரலால் நசுக்கினாள். தோல் கருகும் வாசனை பெற்றோல் வாசனையோடு கலந்தது.

கார் வெடிக்கவில்லை. ஆண்கள் அலவாங்கு கொண்டுவந்து தகரத்தை நெம்பினார்கள். முதலில் கை வைத்தது சிவஞானம்தான். மாரிசாமி வாயோரம் இரத்தத்தோடு அவளைப் பார்த்தான். கொழுந்து லொறியில் அவனைப் படுக்கவைத்து, நானாவையும் ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். இடமில்லை, விடிந்ததும் பஸ்ஸில் வா என்று கங்காணி இராக்கம்மாவிடம் சொல்லிவிட்டார். பிறகு பெண்கள் நனையாத மாவை முறத்தில் வழித்து எடுத்தார்கள். அவளுக்கும் ஒரு பங்கு வைத்தார்கள். அவள் அதைத் தொடவில்லை.

காலையில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சு மாறியிருந்தது. அவள் குடத்தோடு வந்ததும் நின்றது, நிற்பதற்கு முன் கேட்டும்விட்டாள். கார்தான் வெடிக்கவில்லையே, பிறகு எதற்கு விளக்கை அணைத்தாளாம். இராக்கம்மா குடத்தைப் பீலிக்கடியில் வைத்தாள். அணைத்ததால்தான் வெடிக்கவில்லை என்று யாரிடம் எதைக் காட்டிச் சொல்வாள்? அவளுக்கே நிச்சயமில்லை. நானாவே சத்தியம் பண்ண முடியாது என்றாரே. நடக்காமல் போன ஒன்றுக்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது?

பஸ்ஸுக்குப் புறப்பட்டவளைக் கருப்பம்மா வாசலில் மறித்தாள். இரவெல்லாம் அழுது முகம் வீங்கியிருந்தது. திட்டவில்லை, கையில் நெருப்புப் பெட்டியை வைத்து அழுத்தினாள்.

"நீ அணைச்சத நீயே ஏத்து. சேதி வர்றதுக்குள்ள ஏத்திரு தாயி."

மறுக்க இராக்கம்மாவுக்குத் தெம்பில்லை. அதைவிட, ஏற்றினால் அவன் பிழைப்பானோ என்கிற ஆசை இருந்தது. வளைவில் கார் கிடந்த இடத்தில் கண்ணாடித் தூள் மின்னியது. கானில் தண்ணீர் வற்றி, ஈரமண்ணில் பெற்றோல் நீலமும் ஊதாவுமாகப் படிந்திருந்தது. மாற்றிக்கொள்ள நல்ல சேலை இல்லாததால் நேற்றைய சேலையையே உடுத்தியிருந்தாள். குந்தியதும் அதிலிருந்தும் அந்த வாசனை எழுந்தது. மீதி எண்ணெயில் கருந்திரி கிடந்தது. கொப்புளம் கண்ட விரல்களால் ஒரு குச்சியை எடுத்துப் பெட்டியின் ஓரத்தில் வைத்தாள்.

ஃபேக்டரி மேட்டில் லொறிச் சத்தம் கேட்டது. கொழுந்து நிறுக்கும் நேரமில்லை, அது பதுளையிலிருந்து திரும்புகிற லொறிதான். மெதுவாக இறங்கியது. மேட்டு முனையில், எப்போதும் டிரைவர் ஹார்னில் கை வைக்கும் இடத்தில் ஒரு கருங்கல் இருக்கிறது. லொறியின் முகம் அந்தக் கல்லுக்கு நேரே வந்தது. இராக்கம்மா குச்சியை உரசாமல், மூச்சையும் விடாமல், காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.