நூற்றுப் பதினேழாம் எஞ்சின்

சாக்கை அவிழ்த்துக் கவிழ்த்தபோது சீமெந்துத் தரையில் விழுந்தது பாதி எஞ்சின். சிலிண்டர் பிளந்து ஒரு பக்கம் கருகிப் போயிருந்தது. இடுக்குகளில் கடற்பாசி காய்ந்து ஒட்டிக் கிடந்தது. பாசியோடு பாசியாக ஒட்டியிருந்த இன்னொன்று மனித மயிர் என்று சோமசேகரத்துக்குத் தெரிய ஒரு நிமிடம் பிடித்தது. தெரிந்ததும் கண்ணை எடுத்துக்கொண்டார்.

"உங்கட எஞ்சின்தானே?" என்று கடற்படை அதிகாரி கேட்டான். தமிழ் அவனுக்கு வந்தது, ஆனால் தட்டித் தடுமாறித்தான் வந்தது. வெளியே ஜீப்பும் ஒரு ட்ரக்கும் நின்றன. துவக்கோடு எட்டுச் சிப்பாய்கள் உள்ளே வந்திருந்தார்கள். காலை பத்து மணி. தகரக் கூரை சூடேறத் தொடங்கியிருந்தது.

மறுக்க வழியில்லை. அடிப்பகுதியில் 117 என்ற இலக்கம் இருந்தது. சோமசேகரம் தன் கையால் அடித்துப் பதித்த இலக்கம். கடைசி எண் கொஞ்சம் சரிந்திருந்தது.

"ஓம் சேர். எங்கட எஞ்சின்தான்."

உட்துறைமுகத்துக்குப் போகிற றோட்டில் இருந்த அந்த வேலைத்தலத்தைச் சோமசேகரமும் மஹ்ரூப்பும் எழுபத்திரண்டில் தொடங்கினார்கள். வெளிநாட்டுச் சாமான் நாட்டுக்குள் வராத காலம் அது. சோமசேகரம் அதற்கு முன் துறைமுகப் பட்டறையில் பதினாறு வருடம் இரும்பு கடையும் லேத்தில் நின்றவர். குறிஞ்சாக்கேணிக்காரரான மஹ்ரூப்புக்கு இரும்பை உருக்கி வார்க்கத் தெரியும். இருவருமாகச் செய்தது மண்ணெண்ணெயில் ஓடுகிற ஐந்து குதிரைவலு எஞ்சின். வள்ளத்திலும் பூட்டலாம், வயலுக்குத் தண்ணீர் இறைக்கவும் வைக்கலாம். பிறகு ஜப்பான் எஞ்சின்கள் வந்திறங்கி வியாபாரம் பாதியாக விழுந்தது. ஆனாலும் ஒரு ஸ்பானரும் துண்டுக் கம்பியும் இருந்தால் கரையிலேயே வைத்துத் திருத்திவிடலாம் என்பதற்காகவே இவர்களுடைய எஞ்சினைத் தேடி வருகிற மீனவர்கள் இருந்தார்கள். சண்டை தொடங்கியபின் வேலையாட்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அந்த எண்பத்தாறாம் ஆண்டில் முதலாளிகள் இருவர் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். கட்டின பெண்டாட்டி முகத்தைக்கூடத் தான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று சோமசேகரத்தைக் காட்டி மஹ்ரூப் சொல்லிச் சிரிப்பார்.

"மூண்டு நாளுக்கு முந்தி இந்த எஞ்சின் பூட்டின போட் வந்து எங்கட போட்டுக்கு அடிச்சது. என்ட பொடியன் ரெண்டு பேர் செத்தது" என்றான் அதிகாரி. குரலை உயர்த்தவில்லை. அவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பல நாள் தூங்காதவனின் கண்கள். "ஆருக்கு வித்தது? பேர் சொல்லு."

சோமசேகரம் மஹ்ரூப்பைப் பார்க்கவில்லை. மஹ்ரூப்பும் அவரைப் பார்க்கவில்லை. இருவருக்கும் தெரியும். வெருகல் கரையில் மீன் பிடிக்கிற கதிராமன். போன வருடம் மாசியில் பெண்சாதி ராசமலரோடு வந்தவன். அவன் ஒரு மூலையில் நிற்க, அவள்தான் எஞ்சினை மூன்று தரம் இயக்கிக் காட்டச் சொன்னாள். ஓடுகிற எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து, நோயாளியின் நெற்றியைத் தொடுகிற மாதிரி, நடுக்கத்தைப் பார்த்தாள். எஞ்சினை வள்ளத்தில் பூட்டிக் கொடுக்கச் சோமசேகரமே அவர்களுடைய வீட்டுக்குப் போய் வந்தார். ஆறு மாதம் கழித்துக் கதிராமன் தனியே வந்தான். ஆயுதம் ஏந்திய இயக்கப் பெடியள் கரைக்கு வந்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். "ஒரு துண்டு எழுதித் தாங்க தம்பிமார் எண்டு கேட்டனான் ஐயா. துவக்கைக் காட்டினாங்கள்" என்று சொல்லி, இந்தத் தரையிலேயே குந்தியிருந்து அழுதான்.

"கனபேருக்கு வித்தனாங்கள் சேர். ஞாபகமில்லை" என்றார் சோமசேகரம்.

துவக்கின் அடிக்கட்டை அவருடைய வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் நாக்கின் மேல் கிடந்தன. துப்பப் பயந்து வாயை மூடிக்கொண்டார்.

அதிகாரி அவரை விட்டுவிட்டு மஹ்ரூப்பின் பக்கம் திரும்பினான். மஹ்ரூப்பின் வலக்கையைப் பிடித்து இழுத்து, மேசையில் பூட்டியிருந்த, இரும்பை இறுக்கிப் பிடிக்கிற பெரிய வைஸின் தாடைகளுக்கு நடுவில் வைத்தார்கள். கைபிடியைச் சுழற்ற வந்தவனுக்கு எந்தப் பக்கம் சுழற்றினால் இறுகும் என்று தெரியவில்லை. மறுபக்கம் சுழற்றினான். தாடை அகன்று மஹ்ரூப்பின் கை வெளியே விழுந்தது. அந்த ஒரு கணம் மஹ்ரூப்பின் முகத்தில் சிரிப்பைப் போல ஏதோ வந்து போனது. அதிகாரி அவனைத் தள்ளிவிட்டுத் தானே வந்து சரியான பக்கம் சுழற்றினான்.

முதல் சுற்றில் மஹ்ரூப் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது சுற்றில் "யா அல்லாஹ்" என்றார். மூன்றாவதில் எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. மஹ்ரூப்பின் கால்கள் தரையில் நிற்காமல் நழுவின. கை மட்டும் மேலே மாட்டியிருக்க உடம்பு தொங்கியது. அப்படித் தொங்கியபடி அவர் சோமசேகரத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையை இடமும் வலமுமாக அசைத்தார். சொல்லாதே என்று.

அதிகாரி நான்காவது சுற்றுக்குக் கைபிடியை எட்டினான்.

"கதிராமன்" என்றார் சோமசேகரம். இரத்தத்தோடு பற்களும் வெளியே வந்தன. "வெருகல். கோயிலுக்குக் கிழக்கால, கரையில வீடு. முன்னுக்கு ரெண்டு தென்னை நிக்குது."

அவர்கள் கேட்டது பெயரை மட்டும். வீட்டையும் தென்னையையும் யாரும் கேட்கவில்லை. எஞ்சினை அவனிடமிருந்து பறித்துக்கொண்டு போனார்கள் என்ற ஒரு வசனம் தொண்டை வரையில் வந்து நின்றது. தெரிந்துகொண்டு ஏன் பொய் சொன்னாய், பறித்தவர்கள் யார் என்று கேட்டு மறுபடி வைஸைச் சுழற்றுவார்கள் என்று பயந்தார். அந்த வசனம் உள்ளேயே கிடந்தது.

பிறகு மஹ்ரூப்பின் கையை வைஸிலிருந்து விடுவித்து, இருவரையும் வெளியே தள்ளிவிட்டு உடைத்தார்கள். பூட்டி முடித்த நான்கு எஞ்சின்களையும் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். வார்ப்புக்கு வைத்திருந்த மர அச்சுகளை வெளியே குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். லேத் மட்டும் எத்தனை அடித்தும் வளையவில்லை. ஒருவன் அதன் அடியில் கைக்குண்டை வைத்துவிட்டு எல்லோரையும் வெளியே ஓடச் சொன்னான். தகரங்கள் மேலே எழும்பி விழுந்தன. கேற்றுக்குத் தாங்கள் கொண்டுவந்த சங்கிலியைப் போட்டு, "இனி எஞ்சின் செய்யிற இல்ல. திறந்தா சுடுவம்" என்று சொல்லிப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் மஹ்ரூப்பின் மூன்று விரல்களை எடுத்தார்கள். மறுநாள் காலை சோமசேகரம் போனபோது அவர் விழித்திருந்தார். கட்டிலோரம் அவருடைய மனைவி ஜெஸீமா நின்றாள்.

"நான் வாயத் தொறக்கல்ல, சேகரம்" என்றார் மஹ்ரூப்.

"உன்ர கை, மஹ்ரூப். என்னால பாக்க ஏலாமல் போச்சு."

"என்ட கைதானே? ஒன்ட கை இல்லியே?"

அதற்குப் பிறகு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சோமசேகரம் அந்த முதுகை விட்டு வெளியே நடந்தார். பதினான்கு வருடம் பார்த்த முதுகு. விறாந்தை வரையில் ஜெஸீமா கூட வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"நீங்க சொல்லாட்டி அவர அங்கேயே கொன்னிருப்பானுகள். அது எனக்குத் தெரியும் அண்ணன். ஆனா இனி வராதீங்க. ஒங்களக் கண்டா அவருக்குக் கையெல்லாம் நோகுது."

அன்று மூதூருக்குப் போகிற லோஞ்ச் படகு ஓடவில்லை. அடுத்த நாளும் ஓடவில்லை. கதிராமனை எச்சரிக்க வேண்டும் என்று சோமசேகரம் இரண்டு நாளும் இறங்குதுறைக்குப் போய்த் திரும்பினார். வீட்டில் மனைவி கனகம்மா கஞ்சியை ஆற்றி வைத்தாள். உடைந்த வாயால் குடிக்க முடியவில்லை. போகவேண்டாம் என்று அவள் காலைப் பிடித்தாள். ஏன் போகிறார் என்று அவளுக்கு அவர் சொல்லவில்லை. மூன்றாம் நாள் லோஞ்ச் ஓடியது. மூதூரில் இறங்கி, நெல் லொறி ஒன்றில் ஏறி, மிச்சத்தை நடந்து, பின்னேரத்துக்கு முன் வெருகல் போய்ச் சேர்ந்தார்.

வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு தென்னை நின்றது. மற்றது முறிந்து கூரைமேல் கிடந்தது. வள்ளத்தைக் கோடரியால் கொத்தியிருந்தார்கள். ராசமலர் சிதறிய கூரைக் கிடுகுகளுக்கு நடுவில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"ஐயா, நீங்களா? முருகன்தான் கொண்டாந்து விட்டிருக்கு. முந்தநாள் விடியக்குள்ள வந்து என்ட மனிசனக் கொண்டு போயிட்டானுகள் ஐயா. கடற்கர காம்பிலதான் வச்சிருக்காங்களாம். பெடியள் எஞ்சினப் பறிச்சத ஒங்களுக்கிட்ட வந்து சொன்னவர்தானே? அத வந்து சொல்லுங்க. நான் சொல்லி ஆரு கேக்கிற? எஞ்சின் செஞ்ச ஆள் சொல்லோணும்."

அவருடைய வீங்கிய வாயைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவள் கண்ணுக்கு அது பட்டதாகவே தெரியவில்லை. சோமசேகரம் தலையை ஆட்டினார். இருவரும் நடந்தார்கள்.

கரையோரமாக ஒரு மணித்தியால வழி. ராசமலர் முன்னால் போனாள். நடந்துகொண்டே, புருஷனுக்குச் சளி இருப்பதையும், குளிரில் படுத்தால் இழுப்பு வருவதையும் சொல்லிக்கொண்டு போனாள். காம்பின் தண்ணீர்த் தாங்கி தூரத்தில் தெரிந்தபோது சோமசேகரத்துக்கு மேலே நடக்க முடியவில்லை.

"பிள்ளை, நில்லுங்கோ. பேரைச் சொன்னது நான்தான்."

அவள் திரும்பினாள். விளங்காதவள் போல அவருடைய வாயைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் கண்ணில் அந்த வீக்கம் பட்டது.

"ஊட்டையும் நீயா காட்டின?"

"ஓம்."

"பறிச்ச கதைய?"

"அதைச் சொல்லேல்லை."

அவள் குனிந்து எடுத்த கல் அவருடைய காதுக்கு மேலே பட்டது. இரண்டாவது கல் நெஞ்சில். மூன்றாவதை எறியாமல் கையில் வைத்துக்கொண்டே பாய்ந்து வந்து தோளிலும் கழுத்திலும் குத்தினாள். அவர் விழுந்தார். தலையைக் கைகளால் மூடவில்லை. அவள் மணலில் முழந்தாளிட்டு அவரை அடித்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, மிருகத்தின் உறுமல் போல ஒரு சத்தம்தான் வந்தது. கை ஓய்ந்ததும் பக்கத்தில் சரிந்து இருந்து மூச்சு வாங்கினாள். அலை இரண்டு மூன்று தரம் அவர்கள் காலடிவரை வந்து போனது.

"எழும்பு" என்றாள். "நட. வந்து சொல்லு."

சொன்னால் முதலில் பொய் சொன்னதற்குத் தன்னையும் உள்ளே வைத்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். அவர் எழுந்து, சட்டைக் கையால் காதைத் துடைத்துக்கொண்டு நடந்தார். இப்போது அவர் முன்னால், அவள் பின்னால்.

காவலரணிலிருந்து ஐம்பது அடி இருக்கும்போது சத்தம் போட்டார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். கைகளைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். மண்மூட்டைகளுக்கு மேலே இரண்டு துவக்குகள் அவரைப் பார்த்தன. விழுந்தெழும்பியதில் இளகியிருந்த வேட்டி இடுப்பில் நழுவத் தொடங்கியது. கையை இறக்கினால் சுடுவார்கள். வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வேட்டி இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது.

பின்னாலிருந்து ராசமலர் வந்தாள். அவளைப் பார்த்தும் சத்தம் போட்டார்கள், அவள் நிற்கவில்லை. அவருக்கு முன்னால் வந்து நின்று, முகத்தைப் பார்க்காமல், வேட்டியைப் பிடித்து இழுத்துச் சுற்றி, வயிறு நோகும்படி இறுக்கி முடிச்சுப் போட்டாள். பிறகு விலகி நின்று, தானும் இரண்டு கைகளையும் தூக்கினாள். காவலரணுக்குள் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். தடையாகக் குறுக்கே போட்டிருந்த பனைமரம் மெல்ல மேலே எழும்பத் தொடங்கியது.