வெள்ளத்தால் தாமதம்

காணாமல் போன ஊர் உயிரோடுதான் இருக்கிறது என்று முடிவான அன்று தபால் நிலையத்தின் பின்னறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கைப்பிடி உள்ள ஒரே நாற்காலியில் இன்ஸ்பெக்டர்; பழைய பதிவேடுகளைக் காகித ஆலைக்கு ஏற்றிவிட்டுச் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று வந்தவர். மேஜைக்குப் பின்னால் போஸ்ட்மாஸ்டரம்மா, கையில் பூதக்கண்ணாடியோடு. ஜன்னலோரம் மடித்துப் போட்ட தபால் சாக்குகளின் மேல் எதிர்ச்சாரித் தையல்காரி, கழுத்து டேப்பைக்கூடக் கழற்றாமல். வேறு இடமில்லாததால் ஓய்வுபெற்ற தபால்காரர் பார்சல் தராசின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் முள் ஆடியது. வேலையில் இருந்த காலம் முழுக்க சைக்கிள் மணியை ஓயாமல் அடித்துக்கொண்டு போனவர் என்பதால் அவருக்குப் பெல்லண்ணன் என்று பேர்.

மேஜை மேல் விரித்து வைத்திருந்தது பார்சல் பட்டுவாடாப் பதிவேடு. ஓடைக்கு அக்கரையில் சூளை போட்டுச் செங்கல் அறுத்தவர்கள் பார்சல் வாங்கியதற்கு அடையாளமாக வைத்த கட்டைவிரல் ரேகைகள் அதில் இருந்தன. முப்பது வருஷமாக அவை வளர்ந்துகொண்டிருந்தன.

போஸ்ட்மாஸ்டரம்மா அந்த ஆபீசுக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எதையும் பார்க்காமல் தூக்கிப்போட மனம் வராத ஆள்; சாமான் கட்டி வந்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவாள். பழைய பதிவேடுகளைக் கழித்துக்கட்டும்படி உத்தரவு வந்தபோது அவற்றையும் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இந்த ஒன்றில் மட்டும் விரலில் மை ஒட்டியது. காயவில்லையே என்று யோசித்து, ஒரு ரேகையின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் சுற்றுக்கோடு வரைந்துகொண்டாள். ஒரு மாதம் கழித்து வைத்துப் பார்த்தால் ரேகை கோட்டைத் தாண்டியிருந்தது. பிறகு தினமும் காலையில் மற்றவர்கள் பேப்பர் படிப்பதுபோல அவள் அந்த ஊரைப் படித்தாள். யாரும் எதுவும் எழுதாத ஓரங்களில் பட்டாணி அளவில் புது ரேகைகள் முளைத்தன; குழந்தை பிறந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். தனித்தனி வரிசையில் இருந்த இரண்டு ரேகைகள் மெல்ல நகர்ந்து ஒரே வரிசைக்கு வந்தன. ஒரு பெரியவருடைய ரேகை வாரக்கணக்கில் வெளுத்து, ஒரு நாள் இல்லாமல் போனது. சுற்றியிருந்த ரேகைகள் அன்று முழுக்கக் கொஞ்சம் கலங்கியிருந்தன. பூச்சி அரித்த மூலையில் இருந்தவர்கள் எல்லாரும் உள்பக்கமாக நகர்ந்திருந்தார்கள், கரை இடிகிற இடத்திலிருந்து வீட்டை மாற்றிக் கட்டுகிறவர்கள் மாதிரி. அதைப் பார்த்த பிறகு அந்தப் பதிவேட்டைக் கழிக்கிற கட்டிலிருந்து தனியே எடுத்து வைத்தாள். மூலை அரித்ததற்கே இந்தப் பாடு என்றால், மொத்தக் காகிதமும் கூழானால்?

ஊர் எங்கே போனது என்று கடைத்தெருவில் விசாரித்தாள். அப்படி ஒரு ஊரா என்று அவளையே திருப்பிக் கேட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர்கள் சொன்னதையும் கட்டுக்கட்டாக இருந்த பழைய பதிவுகளையும் ஒட்டுப்போட்டுப் பார்த்ததில் கிடைத்தது இவ்வளவுதான்: முப்பது வருஷத்துக்கு முந்தி ஒரு மழைக்காலத்தில் பெல்லண்ணனுக்கு உட்காரும் இடத்தில் கட்டி. சைக்கிள் ஏற முடியாமல் லீவு போட்டார். பதிலுக்கு வந்த தற்காலிக ஆள் ஒரே ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடை வரை போனான். ஓடை கரை புரண்டு ஓடியது. திரும்பி வந்து கடிதத்தின் மேல் 'ஊர் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான். அப்போதிருந்த அதிகாரி படித்துப் பார்க்காமல் முத்திரை குத்தினார். சர்க்கார் முத்திரை விழுந்துவிட்டதால் ஊர் அதற்குக் கட்டுப்பட்டு இல்லாமல் போனது. அன்றிலிருந்து அந்தப் பாதையில் யார் போனாலும் அது ஒரு வளைவு வளைந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கொண்டுவந்து விட்டது. செங்கல் விலை கொஞ்சம் ஏறியது. லாரி வாடகைதான் காரணம் என்று கடைத்தெருவில் சொன்னார்கள்.

அந்தக் கடிதத்தைப் போட்டவள் தையல்காரி. அப்போது கல்யாணமாகாத பெண். தங்கச்சி கவுனுக்குப் பட்டன் வாங்கக் கிளம்பி வந்தவள் வெள்ளத்தில் இக்கரையில் மாட்டிக்கொண்டாள். வெள்ளம் வடிந்த பிறகு நடந்து பார்த்தாள். பாதை அவளைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டது. அப்புறம் எத்தனை தடவை நடந்தாள் என்பதற்குக் கணக்கில்லை. கடைசியில் தபால் நிலையத்துக்கு எதிரிலேயே மெஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"சரிம்மா. ரேகை வளருதுன்னு எந்தக் கட்டத்துல எழுதறது? அதைச் சொல்லுங்க."

"குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கே சார்."

"அது பக்கம் கிழிஞ்சா எழுதறதுக்கு. இங்க பாருங்க, இருக்கிற ஊரோட பதிவேட்டை நான் தொடவே முடியாது. இல்லாத ஊரோடது வெறும் காகிதம். ஊர் இருக்கா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

போஸ்ட்மாஸ்டரம்மா பூதக்கண்ணாடியைத் தையல்காரி கையில் கொடுத்தாள். "அக்கா, நாலாவது வரிசையில பாருங்க. 'சின்னவள், அக்காவுக்காக'ன்னு எழுதியிருக்கு."

தையல்காரி குனிந்தாள். வெகு நேரம் நிமிரவில்லை.

"குறுக்கால ஒரு கோடு ஓடுது பாருங்கம்மா. என் கத்தரிக்கோல் பட்ட தழும்பு. அன்னிக்குக் கத்தின கத்துல சூளைக்காரங்க எல்லாரும் ஓடி வந்துட்டாங்க." தன் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்து அளந்தாள். இரண்டும் ஒரே அளவு. "கழுதை, என் அளவுக்கு வளர்ந்துட்டியாடி" என்று காகிதத்தைப் பார்த்துக் கேட்டாள்.

இன்ஸ்பெக்டரும் எழுந்து வந்து பார்த்தார். விரலால் தொட்டார். ஒட்டிய மையைப் பேண்டில் துடைத்தார், கறை போகவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"தப்பா எழுதின குறிப்பை எழுதின ஆபீஸே திருத்தலாம். விதி இருக்கு. ஆனா அந்தத் தபால் கையில இருக்கணும். முப்பது வருஷத்துத் தபாலுக்கு எங்க போறது?"

தன்னிடமே திரும்பி வந்திருந்த அந்தக் கடிதத்தைத் தையல்காரி மடியிலிருந்து எடுத்தாள். மூலைகள் தேய்ந்து துணி மாதிரி ஆகியிருந்தது. மேலே 'ஊர் இல்லை' என்பது மட்டும் நேற்று எழுதியதுபோல இருந்தது.

"அப்ப சுலபம்" என்றார் இன்ஸ்பெக்டர், பேனா மூடியைக் கழற்றியபடி. "அவன் ஒரு வார்த்தையைத்தான் மாத்தி எழுதிட்டான். நாம வழக்கமா எழுதறதை எழுதிட வேண்டியதுதான். 'ஊர்' அடிச்சிட்டு 'ஆள்' போட்டா 'ஆள் இல்லை'. முடிஞ்சுது."

"ஐயையோ, வேணாம் சார்!" தையல்காரி பாய்ந்து வந்து உறையின் மேல் இரண்டு கையையும் வைத்துப் பொத்தினாள். "ஊர் வந்து நிக்கும், ஆள் இருக்காதே! என் தங்கச்சியை வாயில போட்டுக்காதீங்க சார்!"

இன்ஸ்பெக்டரின் பேனா அந்தரத்தில் நின்றது. பணியில் சேர்ந்த நாளிலிருந்து 'ஆள் இல்லை' என்று தான் எழுதிய உறைகள் எல்லாம் ஒரு கணம் அவர் முகத்தில் வந்து போனதைப் போஸ்ட்மாஸ்டரம்மா பார்த்தாள்.

'இல்லை'யை மட்டும் அடிக்கலாமா என்று அவள் கேட்டாள். வெறும் 'ஊர்' என்பது குறிப்பாகாது என்றார் அவர். 'ஊர் இருக்கிறது' என்று எழுதினால் அப்புறம் ஏன் கொடுக்கவில்லை என்று மேலிடத்தில் கேட்பார்கள். தராசு முள் ஆடியது.

"நடந்ததை எழுதுங்களேன்" என்றார் பெல்லண்ணன். "அவன் அன்னிக்கு என்னத்தைப் பார்த்தான்? தண்ணியைப் பார்த்தான். நான் போயிருந்தா என்ன எழுதியிருப்பேன்? 'வெள்ளத்தால் தாமதம்'. அவ்வளவுதான். தாமதம்னா என்னைக்காவது போய்ச் சேரணும் இல்ல?"

இன்ஸ்பெக்டர் அந்த இரண்டு வார்த்தையையும் நாக்கில் உருட்டிப் பார்த்தார். குறை ஒன்றும் தட்டுப்படவில்லை. போஸ்ட்மாஸ்டரம்மா சிவப்பு மையால் பழைய குறிப்பை அடித்து, புதியதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டாள். இப்போதைய கட்டணத்துக்கு இந்த ஸ்டாம்பு பத்தாதே என்று இன்ஸ்பெக்டர் வழக்கப்படி ஆரம்பித்தார்.

"தாமதம் நம்மளது சார். அவங்க அன்னிக்கே ஒட்டிட்டாங்க."

உறையின் பசை எப்போதோ விட்டுப்போயிருந்தது. தையல்காரி கடிதத்தை வெளியே எடுத்தாள். நீல பட்டன் கிடைக்கவில்லை, பச்சைதான் இருக்கிறது, பச்சை போதுமா, வெள்ளம் வடிந்ததும் வருகிறேன் என்று அதில் எழுதியிருந்தது. போஸ்ட்மாஸ்டரம்மாவிடம் பேனா வாங்கிக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'கவுன் இனி பத்தாது, உன் அளவு எழுதி அனுப்பு.' கழுத்து டேப்பைச் சுருட்டி உறைக்குள் வைத்தாள். உறை புடைத்துக்கொண்டது. பசை நிற்காது என்று போஸ்ட்மாஸ்டரம்மா அரக்கைக் காய்ச்சி ஊற்றி முத்திரையை அழுத்தினாள். இந்தத் தடவை அழுத்துவதற்கு முன் விலாசத்தை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்தாள்.

பெல்லண்ணன் தராசிலிருந்து எழுந்தார். முள் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. "குடுங்கம்மா. என் லைன்தானே."

"அண்ணே, நானும் கூட வரட்டா?"

"முதல்ல லெட்டர் போகட்டும்மா. லெட்டரை முந்திக்கிட்டு ஆள் போய் நிக்கறது என்ன பழக்கம்?"

லாரிக்காரனிடம் லோடு குறைவு என்று சொல்லி அனுப்பினார்கள். பதிவேடு நடப்பு அலமாரிக்குப் போனது. மூன்று பேரும் வாசலில் நின்று மணிச்சத்தத்தைக் கேட்டார்கள். அது கடைத்தெருவில் போனது, பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது, வளைவில் தேய்ந்தது. பாதை வழக்கமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற நேரத்தில் அது வரவில்லை.

அடுத்த வாரம் செங்கல் விலை கொஞ்சம் இறங்கியது. லாரி வாடகைதான் காரணம் என்று கடைத்தெருவில் சொன்னார்கள்.