அந்த வெங்காயம் சாதாரணமானது

1

“சமைத்தவரை வெளியே கூப்பிடுங்கள்.”

இந்தக் கதை இந்த வசனத்திலிருந்து வந்தது. சொன்னது நான். ஓர் உணவகத்தில், ஐந்து பேர் இருந்த மேசையில், கையில் முள்ளுக்கரண்டியோடு, பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி சொன்னேன். படி, வாதாடு, சம்பளம் கூட்டிக் கேள் என்றெல்லாம் சொல்லி வளர்த்த அம்மா, இதை மட்டும் ஒருநாளும் கேட்காதே என்று சொல்லியிருந்தார்.

அம்மா, பெயர் பியற்றிஸ், விமான நிலையத்தடி ஹோட்டல்களில் ஒன்பது வருடம் கோப்பை கழுவியவர். “வெளியால இருந்து ஆரோ குசினியாளைக் கூப்பிட்டா உள்ளுக்க நிக்கிற எல்லாரும் கைவேலையை விட்டிடுவம். புகழத்தான் கூப்பிடுறாய் எண்டு உனக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாதே? போன ஆள் திரும்பி வரேக்க வேலை இருக்குமோ எண்டு பாத்துக்கொண்டு நிப்பம்.”

நான் புகழத்தான் கூப்பிட்டேன். வினை அங்கேதான் தொடங்கியது.

2

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

“லண்டனில் மெக்சிகோ உணவகம் என்றால் சுவரில் ஒரு கள்ளிச்செடி, அதன் தலையில் ஒரு தொப்பி, சாப்பாட்டின் மேல் உருகிய சீஸ், இந்த மூன்றும் சேர்ந்து உருவாக்கும்...” (கட்டுரைக்குப் புள்ளி வாங்கிய பழக்கம். வெட்டு.)

“நெல்சியின் கண்களில் தாய்நாட்டுக் கடல்...” (கடலைக் கண்டால் நெல்சிக்குத் தலை சுற்றும். வெட்டு.)

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். சவுத் ஹரோவில் ஒரு தமிழ்க்கடையில் கடைசியாகக் கிடந்த வாழையிலைக் கட்டில் நானும் இன்னொரு பெண்ணும் ஒரே நேரத்தில் கைவைத்தோம். எனக்குச் சோறு கட்ட. அவருக்குப் பன்றி இறைச்சி சுற்ற. பாதி பாதி எடுத்தோம். அவர்தான் நெல்சி. மெக்சிகோவின் தென்கிழக்கு மூலையான யுகட்டானில், மெரிடா என்ற ஊர். ஹரோ ஸ்டேசனுக்குப் பின்னால் ஆறு மேசையோடு ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார்.

3

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். ஆகவே எல்லாம் தெரிந்தவள். அந்தக் கடையில் போய் உட்கார்ந்து, “ஒரு புரிட்டோ” என்றேன்.

“புரிட்டோவோ? அது வடக்கு, பிள்ளை. கோதுமை விளையிற பக்கம். என்ர ஊரில இருந்து ரெண்டு நாள் பஸ். ஏறிப் போய் அங்க கேள்.”*

* நெல்சி பேசியது பாதி ஆங்கிலம், பாதி கை. செந்தமிழில் பேசவைத்துப் பார்த்தேன். பிரசங்கம் வைக்கும் பாதிரியார் மாதிரி இருந்தது. யாழ்ப்பாணத் தமிழ்தான் அவருக்கு அளவாக வந்தது.

வெட்கமாகப் போய்விட்டது. அதே வாரம்தான், “உங்களுக்குத் தினமும் இட்லி சாம்பார்தானே” என்று கேட்ட வகுப்புக்காரியோடு அரைமணி நேரம் சண்டை பிடித்திருந்தேன். சொதி வேறு, சாம்பார் வேறு, நாங்கள் வேறு என்று கத்தியவள்தான் மெரிடாக்காரியிடம் புரிட்டோ கேட்டேன்.

பிறகு நெல்சி எனக்கு அந்த நாட்டைச் சாப்பாட்டாலேயே பிரித்துக் காட்டினார். வடக்கே மாட்டிறைச்சியும் கோதுமை ரொட்டியும். தெற்கே வஹாக்கா பக்கம் மிளகாயும் விதைகளும் கொக்கோவும் வறுத்து அரைத்து நாள்கணக்கில் காய்ச்சும் கறுத்த குழம்பு. “அது பெரிய சாப்பாடு. எங்கட இல்லை, ஆனா தொப்பி இருந்தாக் கழட்டுவன்.” அவர் பக்கத்தில் சோள ரொட்டி, செஞ்சாயம் விடும் ஒரு விதை, கசப்புத் தோடம்பழம் என்கிற ஆரஞ்சு, வாழையிலை, ஆளை எழுப்பி நிறுத்தும் ஒரு குண்டு மிளகாய். திங்கட்கிழமை என்றால் மெரிடாவில் வீட்டுக்கு வீடு கறுத்த அவரையும் பன்றியும். ஞாயிறு காலை என்றால் இலையில் சுற்றி இரவெல்லாம் வேகவைத்த பன்றி. பதினொரு மணிக்கு முடிந்தால் முடிந்ததுதான்.

புதன்கிழமை வந்து ஞாயிற்றுச் சாப்பாடு கேட்ட ஒருவரை அவர் திருப்பி அனுப்பினார். “கடை எண்டா விக்கத்தானே?” என்றேன்.

“மார்கழி நத்தாரை வைகாசியில கொண்டாடுவியோ?”

அந்தப் பிடிவாதத்தில்தான் நான் விழுந்தேன்.

ஒன்று மட்டும் அவருக்குக் குறை. கசப்புத் தோடம்பழம் லண்டனில் குளிர்காலத்தில் சில வாரங்கள்தான் கிடைக்கும். நான் அதே தமிழ்க்கடையில் நாரத்தங்காயைக் காட்டினேன். தோலைக் கடித்தார். கண்ணை மூடினார். “இதை ஏன் இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?” அன்று முதல் அவருடைய சிவப்பு வெங்காய ஊறுகாய்க்கு நாரத்தங்காய்ச் சாறு. மெரிடாச் சந்தையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் அவர் சாப்பிட்ட கடையில், கேட்காமலே ஒரு பிடி வெங்காயம் கூட வைப்பார்களாம். அங்கே இப்போது போன் விற்கிறார்கள். அந்தப் பிடி வெங்காயத்தை அவர் எங்களுக்கு வைத்தார்.

நாலு வருடம். வாடகை ஏறியது, கடையை மூடினார்; பிறகு எங்கே வேலை செய்கிறார் என்று என்னிடம் சொல்லவேயில்லை. இன்று அந்த ஆறு மேசையிலும் நகம் பூசுகிறார்கள். அதற்குப் பிறகு மூன்று வருடம், எங்கே மெக்சிகோ என்ற பலகையைக் கண்டாலும் உள்ளே போய் வெங்காயத்தைத்தான் முதலில் தின்றேன். எல்லாம் சீனிப்பாணி.

4

போன செவ்வாய், நான் வேலை செய்யும் கம்பனி எங்கள் குழுவை மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனது. பல கிளைகள் உள்ள உணவகம். கள்ளிச்செடியும் தொப்பியும் சுவரில் தயார். நான் ஒன்றையும் எதிர்பார்க்கவில்லை.

வெங்காயம் வந்தது. ஊதா நிறம். கடித்தேன். முதலில் புளி, பிறகு சுட்ட மிளகாய், கடைசியில் நாரத்தங்காயின் அந்தச் சின்னக் கசப்பு.

மேலே சொன்ன வசனத்தைச் சொன்னேன்.

பக்கத்தில் இருந்த, கூட வேலை செய்யும் சுஜீத் மேசைக்குக் கீழே உதைத்தான். “றஜீனா, விசரே? சும்மா சாப்பிடு.” (சுஜீத்தைக் கதையிலிருந்து எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உதைத்த இடம் இன்னும் நோகிறது.)

மனேச்சர் வந்தார். என்ன பிரச்சினை என்றார். பிரச்சினை இல்லை, அற்புதம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் மேலதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார், நான் படித்தவள், விளக்கினேன். இது உங்கள் மற்றக் கிளைகளில் இல்லாதது, இது யுகட்டான், இந்தச் சாறு சவுத் ஹரோவில் தமிழ்க்கடையில்தான் வாங்கலாம், உங்கள் தலைமைக் குசினிக்கு இதன் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

தலையில் வலையோடு நெல்சி வெளியே வந்தார். என்னைக் கண்டு முகம் மலர்ந்தது. பிறகு மனேச்சரைப் பார்த்தார்.

அங்கே எல்லாம் தலைமைக் குசினியிலிருந்து மூடிய பைகளில் வரும். வெட்டி ஊற்றுவதுதான் வேலை. வெளியிலிருந்து ஓர் உப்புக்கல்கூடக் கொண்டுவரக் கூடாது. நெல்சி அந்தச் சீனிப்பாணியைப் பொறுக்கமாட்டாமல், வீட்டில் ஊறப்போட்டு, போத்தலில் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார். ஐந்து மாதம் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நேசித்தவள் கண்டுபிடித்தேன்.

5

அன்றே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை இன்று, வெள்ளி, மூன்று மணிக்கு. போத்தல் கிடைக்கவில்லை, நெல்சி ஒப்புக்கொள்ளவுமில்லை. அவர்களிடம் இருப்பது என் வாய்தான். அன்று என்ன சாப்பிட்டேன், அது எப்படி வேறாக இருந்தது என்று கையெழுத்திட்டுக் கடிதம் தரச் சொல்லி எனக்கு எழுதியிருக்கிறார்கள். எழுதாமல் விட்டால், மனேச்சர் காதால் கேட்டதே சாட்சி.

ஆகவே இந்த வாரம் நான் ஒரே மேசையில் இரண்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்று ஆங்கிலத்தில் அந்தக் கடிதம். மற்றது இது.

நெல்சிக்குப் போன் எடுத்தேன். அழுதேன். அவர் அழவில்லை.

“சாதாரணம் எண்டு எழுது, பிள்ளை. எனக்கு ஷிப்ட் வேணும்.”

“பொய்யெல்லோ?”

“ஓம், பொய்தான்.” பிறகு கேட்டார்: “உண்மையா எப்பிடி இருந்தது?”

“கடையில இருந்ததை விடத் திறம்.”

“அப்ப சரி. நீ எழுது.”

6

ஒத்துவராத முடிவுகள்:

அ. உண்மையை எழுதுகிறேன். கடிதம் தலைமை அலுவலகம் வரை போகிறது. நெல்சியின் வெங்காயம் எல்லாக் கிளைகளுக்கும் போகிறது. சுவரில் நெல்சியின் படம், தலையில் தொப்பி. (அந்தத் தொப்பிக்காகவே இதைக் கிழித்தேன்.)

ஆ. நெல்சி ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி கடை திறக்கிறார். முதல் ஞாயிறு, முதல் ஆள் நான், அவர் கேட்காமலே ஒரு பிடி... (இதை இரண்டு பக்கம் எழுதினேன். வாடகை யார் கட்டுவது என்று அம்மா கேட்டார்.)

இ. நான் மனேச்சரின் முகத்துக்கு நேரே

(வேண்டாம். அது என் கோபத்துக்கு நல்ல முடிவு. வேலை போவது நெல்சிக்கு.)

“நீ படிச்சனியெல்லே,” என்றார் அம்மா, கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு. “பொய்யை வடிவா எழுதன்.”

7

எழுதிவிட்டேன். தமிழில் இப்படி வரும்:

“அன்று நான் சொன்னது தவறு. நான் விரும்பிச் சாப்பிட்ட ஒரு கடை மூடப்பட்டுவிட்டது. அந்த ஏக்கத்தில் இல்லாத சுவையை இருப்பதாக நினைத்துவிட்டேன். அந்த வெங்காயம் சாதாரணமானது.”

முதல் மூன்று வசனமும் ஐந்து நிமிடம். கடைசி வசனத்தை ஏழு தரம் அழித்தேன்.

மனேச்சருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே உண்மையை இங்கே வைக்கிறேன்: அதைப்போல ஒரு வெங்காயம் இந்த நகரத்தில் வேறு எந்தத் தட்டிலும் இல்லை. பையை வெட்டி ஊற்றச் சொல்லிச் சம்பளம் கொடுக்கும் இடத்தில், யாரும் கேட்காத ஒன்றை, யாரும் அறியாமல், தன் ஊர் பிழையாகப் போகக்கூடாது என்று ஒரு பெண் ஐந்து மாதம் செய்தார். பெயர்களை மாற்றியிருக்கிறேன், அவருடையதையும். இன்னொரு தரம் அவரை வெளியே கூப்பிட மாட்டேன். மெரிடா மட்டும் மெரிடாதான்.

விசாரணை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எந்த உணவகம் என்றும் சொல்லப் போவதில்லை. லண்டனில் எங்காவது, தொப்பி போட்ட கள்ளிச்செடிக்குக் கீழே இருந்து, ஊதா வெங்காயத்தைக் கடிக்கும்போது கடைசியில் நாரத்தங்காய் கசந்தால், இந்தக் கதை நல்லபடி முடிந்தது. தட்டைத் துடைத்துச் சாப்பிடுங்கள். யாரையும் கூப்பிடாதீர்கள்.

மணி ஒன்றே முக்கால். மூன்றுக்கு முன் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். கடிதத்தில் கையெழுத்து வைத்து மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“என்னெண்டு எழுதினனி?” குசினிக்குள் இருந்து அம்மா.

“சாதாரணம் எண்டு.”

வெட்டும் சத்தம் நின்றது.

“கவனமாப் போட்டு வா.”

சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன்.