தொண்ணூறு நொடி அசையாமல்

ஆறரைக்கு எழுகிறேன். பல் துலக்குகிறேன். ஒரு கப் தேநீர் போடுகிறேன். ஜன்னல் திரையைப் பாதி விலக்குகிறேன். முழுதாக விலக்கினால் நாற்காலியில் வெயில் விழும், முகத்தில் நிழல் கோடு வரும், அளவு தப்பும். அந்த நாற்காலியில் இப்போது யாரும் உட்காருவதில்லை. ஆனாலும் பாதிதான்.

முகத்தைப் படம்பிடித்தே ரத்த அழுத்தம் சொல்லும் கேமராவைச் செய்வது எங்கள் வேலை. ஒவ்வொரு துடிப்புக்கும் தோலின் நிறம் கண்ணுக்குத் தெரியாத அளவு மாறும். கேமரா அதைப் பிடிக்கும். தொண்ணூறு நொடி அசையக் கூடாது, பேசக் கூடாது. என் மனைவி கர்ப்பமாகி நாலாம் மாதம் கேமராவின் சோதனைக்கு அவளைச் சேர்த்தேன். தினமும் காலையில் உட்காருவாள்.

"சார், பாஸ்போர்ட் போட்டோவா, கல்யாண ஆல்பமா? மூஞ்சிய எப்படி வச்சுக்கணும்?"

"வாய மூடி வச்சுக்க."

"அது என்னால ஆகுற காரியமா?"

கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவி தடம் விடுகிறது என்றாள். எடுத்து அலமாரிமேல் போட்டேன்.

"மாப்ள, அதையும் ஒரு தடவ போட்டுப் பாத்துருங்க" என்றார் அத்தை, அவளுடைய அம்மா.

"கேமரா அதவிட நல்லாவே பாக்கும் அத்தை."

படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

ஏழாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் நடுவில் பேசிவிட்டாள். முகம் அசைந்தால் அன்றைய பதிவைத் தள்ளிவிட்டு முந்தைய நாள் அளவைக் காட்டும்படி நிரல் எழுதியவன் நான்தான். திரை காலியாக இருந்தால் ஜனங்கள் பயப்படுவார்களாம். 118/76 என்று வந்தது. பச்சை எழுத்தில். "ஓகேவா?" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். பஸ்ஸுக்கு ஓடினேன்.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். கர்ப்பத்தில் அழுத்தம் ஏறினால் வரும் வலிப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை. பிறகு வரவேயில்லை. குழந்தையும் போயிற்று.

"கடைசியா என்ன மாப்ள சொன்னா?" என்று அத்தை கேட்டார்.

"உங்களப் பத்தித்தான் கேட்டா" என்றேன். பொய்.

நேற்று மேலாளர் என் மேசைக்கு வந்தார்.

"வெள்ளிக்கிழமை அறிக்கை போகணும்பா. உன் வீட்டு ஃபைல் தொண்ணூத்தி நாலு. அத்தனையும் சுத்தம். கடைசி ஒண்ண மட்டும் எடுத்துரு. பேசினா செல்லாதுன்னு விதி இருக்கு. நீ எழுதினதுதான்."

"எடுக்கலன்னா?"

"ஒரு சாவு உள்ள வரும். எந்த ஆஸ்பத்திரி வாங்கும்? முப்பது பேர் பொழப்புப்பா. உனக்கும்தான் எதுக்கு அதப் போட்டுக் கிளறிக்கிட்டு?"

அவர் போனதும் ஃபைலைத் திறந்தேன். அவள் பேசியது நாற்பத்தாறாம் நொடியில். அதற்கு முந்தைய பகுதியை மட்டும் தனியே ஓடவிட்டேன். 171/112. கேமரா பார்த்திருக்கிறது. நான் எழுதிய விதிதான் அதன் வாயை அடைத்திருக்கிறது.

ஃபைலை நீக்கவில்லை. திரை காட்டியது, கேமரா கண்டது, இரண்டையும் அறிக்கையில் சேர்த்தேன். பிழைக்குப் பொறுப்பு என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். அத்தைக்கும் ஒரு பிரதி அனுப்ப முடிவு செய்தேன். 'அளவின்போது பேசினாரா, என்ன பேசினார்' என்று ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. ஒலியைக் கூட்டினேன். "பேசாத, பேசாத, இன்னும் பாதி இருக்கு" என்று என் குரல். அதற்கு முன்னால் அவள் குரல். கேட்டதை அப்படியே தட்டினேன்.

"ஏங்க, கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி இருக்கு. உங்க மூஞ்சியே தெரியல."