பேட்டரி இல்லாத வாட்ச்

“விடுங்க அண்ணி. அந்தக் கை இனிமே அசையாது.”

கொழுந்தன் சொன்ன பிறகும் அவள் விடவில்லை. கணவரின் இடது மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் தூக்கி ஆட்டப் பார்த்தாள். கை மரக்கட்டையாக விறைத்திருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். புத்தியெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவர் கையில் கட்டியிருந்த வாட்ச் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அது பேட்டரி இல்லாத வாட்ச். உள்ளே ஓர் அரைவட்டத் தகடு உண்டு. கை அசைய அசைய அது சுழன்று சுருள்வில்லை முறுக்கும்; முறுக்கு இருக்கும்வரை முள் ஓடும். பஸ் ஓட்டுகிறவர் கைக்கென்றே செய்த சாமான். கியர் போட்டுப் போட்டே அதைக் காலமெல்லாம் ஓடவைத்தார். அவர் வாதத்தில் விழுந்ததும் அதுவும் நின்றது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்து, கொழுந்தனின் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவன் பின்மூடியைத் திறந்து காட்டி, “வாட்ச்சுக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. அண்ணன் கைதான் அசையல” என்றான். வீடு வரும்வரை அழுதாள்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் அவளுக்கு முதல் வேலை, அவர் கையைப் பிடித்து ஆட்டுவது.

“என்ன, தினம் என்னை ஊஞ்சலாட்டுறே?” என்பார், வாய் கோணிக்கொண்டு.

“உங்களை யாரு ஆட்டுனா? வாட்ச்சுக்குச் சோறு போடுறேன்.”

சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டுவாள். முள் ஓடுகிறவரை மனுஷனும் ஓடிவிடுவார் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இன்று காலையில் அந்தக் கணக்கில் மண் விழுந்தது. அவர் போய்விட்டார், வாட்ச் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவருடைய அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “பெட்டி வந்துருச்சும்மா. வாட்ச்சைக் கழட்டி நீ கட்டிக்கோ. மண்ணுக்குள்ள போயி யாருக்கு என்ன?”

“அவர் கையிலயே இருக்கட்டும் அக்கா.”

“ஓடிட்டு இருக்கேம்மா…”

அதுதான் அவளையும் அறுத்தது. கொழுந்தனைப் பார்த்தாள். “தம்பி, இது எவ்வளவு நேரம் ஓடும்?”

“நாளைக்கு எப்பவாவது நின்னுடும்.” அவன் வாட்ச்சின் பக்கவாட்டைத் தொட்டுக் காட்டினான். “வேணும்னா இப்பவே நிறுத்திடலாம் அண்ணி. பக்கத்துல இருக்கே, அந்தத் திருகை வெளிய இழுத்தா முள் நின்னுடும். இழுக்காம சுத்தினாத்தான் சாவி ஏறும். நான் இழுத்து விட்டுடவா?”

“வேணாம். நானே பாத்துக்கிறேன்.”

குனிந்து திருகை விரல் நுனியில் பிடித்தாள். இழுக்கவில்லை. சுற்ற ஆரம்பித்தாள்.

“அண்ணி…”

“நாளைக்கு வரைக்கும் போதாது தம்பி. தனியாப் படுத்துப் பழக்கமில்லாத மனுஷன். பழகுற வரைக்கும் ஏதாவது ஒண்ணு துணைக்கு ஓடட்டும்.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டி தூக்க வந்தவர்கள் மூடியோடு கதவருகில் நின்றார்கள்.

“போதும் அண்ணி. நிறைஞ்சிருக்கும்.”

“நிறைஞ்சா இறுகணும்ல? இன்னும் இறுகலையே.”

இந்த மாதிரி வாட்ச் இறுகவே இறுகாது. நிறைந்த பிறகு உள்ளே சுருள்வில் வழுக்கிக்கொடுக்கும்; நாள் முழுக்கச் சுற்றினாலும் திருகு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிற விஷயம், இன்று அவன் வாயில் வரவில்லை.

“ஆமா அண்ணி” என்றான். “இன்னும் கொஞ்சம் ஏறும்.”

அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். மூடியைப் பிடித்திருந்தவர்கள் அதைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார்கள்.