வாளிக்குள் இருக்கும் சாட்சி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் லாரியின் ரேடியேட்டரிலிருந்து. பிறகு யாரும் ஏமாற்றிவிட்டேன் என்று சொல்லக் கூடாது. ஆனால் அங்கிருந்து தொடங்க மனம் வரவில்லை. வேறு தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

"அந்த ஜனவரியில் வானமே இடிந்து ஏற்றத்தின் மேல்..." (வானம் அந்த வாரம் முழுக்க நீலமாக இருந்தது. ஊரே பார்த்தது. விட்டுவிட்டேன்.)

"மேட்டுக்கு மேலே, யாருக்கும் தெரியாத ஓர் ஊற்று..." (இது இருக்கட்டும். வக்கீலுக்கும் இது பிடித்திருக்கிறது.)

2

நடந்தது இதுதான். எங்கள் டாஷ்-ஓய் கிராமத்தில் பள்ளிக்கூடத்துக்கு மேலே ஒரு சாலை ஏற்றம். மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் வேன்காரன் எமில்பெக்கின் வேன் அதில் இறங்கும்போது பனிக்கட்டியில் வழுக்கி, பக்கவாட்டில் போய், தபால்காரி புருல்சாவின் வலது காலைச் சுவரோடு வைத்து நசுக்கியது. முழங்கால் மூன்று துண்டு. தகடு வைத்தால் நடப்பாள், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் கோல்தான் என்றார் மருத்துவர். தகட்டுச் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் வழக்கு. இன்று பதினொரு மணிக்கு நரின் நகரக் கோர்ட்டில் விசாரணை. ஏற்றத்தின் உச்சியில் குடியிருப்பவன் என்பதால் நான் சாட்சி.

சட்டம் என்ன சொல்கிறது என்று எமில்பெக்கின் வக்கீலிடம் மூன்று முறை கேட்டேன். முதல் முறை, வண்டி என்பது அபாயமான பொருள், வைத்திருப்பவனே பொறுப்பு என்றார். இரண்டாம் முறை, இயற்கையின் செயலென்றால், அதாவது மேட்டில் ஊற்று சுரந்து உறைந்திருந்தால், யாருக்கும் பொறுப்பில்லை என்றார். மூன்றாம் முறை, அந்தப் பனிக்கட்டியை ஓர் ஆள் உண்டாக்கியிருந்தால் அவன்தான் கொடுக்க வேண்டும் என்றார்.

"மூணும் ஒரே சட்டமா?"

"ஏன் பெரியவரே, ஒரு வீட்டுக்கு மூணு வாசல் இருக்கறதில்லையா?"

எந்த வாசலில் நிற்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

3

இந்த இடத்தில் ஒரு கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. சபராலி என்ற கிழவன். பழைய லாரிக்காரன். குளிரில் உறையாத திரவமெல்லாம் கடைக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் இவன் ரேடியேட்டரில் ஊற்றுவது வெறும் தண்ணீர். ராத்திரி உறைந்தால் எஞ்சின் பிளந்துவிடும் என்பதால், லாரியை நிறுத்தியதும் ரேடியேட்டரின் அடியிலிருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவான். நிறுத்துவது ஏற்றத்தின் உச்சியில். பேட்டரி செத்தாலும் உருட்டி ஸ்டார்ட் செய்துவிடலாம் என்ற கணக்கு. தினம் இரண்டு வாளி, ஏற்றத்தில் வழிந்து உறையும். விபத்துக்கு அப்புறமும் வடித்தான். திடீரென்று நிறுத்தினால் சந்தேகப்படுவார்கள் அல்லவா?

இவனை மட்டும் நீக்கிவிட்டால் கதை எவ்வளவு... (நீக்க முடியவில்லை. எழுதுகிறவன் அவன்தான்.)

இன்னொரு சிக்கல், இவன் சொன்னால் நம்ப ஆளில்லை. ஒரு டிசம்பரில் இவன் லாரியின் நிழல் சாலையோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. குளிர்காலம் முழுக்க நிழல் இல்லாமலே நரின் போய் வந்தான். மார்ச்சில் நிழல் இளகி, தானாக வீடு வந்து சேர்ந்தது. நடந்த விஷயம். ஆனாலும் ஊர் சிரித்தது.

முந்தாநாள் எமில்பெக்கிடம் உண்மையைச் சொன்னேன்.

"அது ஊத்து இல்லடா. என் ரேடியேட்டர் தண்ணி."

"உங்க நிழல் வீட்டுக்கு வந்த மாதிரியா, பெரியப்பா? கோர்ட்ல இதை எடுத்து விட்டீங்கன்னா நீதிபதி சிரிப்பாரு, அப்புறம் வக்கீல் சொல்றதும் எடுபடாது. என் வேன் போயிடும். ஊத்துன்னு சொல்லிட்டு உக்காந்திருங்க."

ஊற்று என்றால் அவனும் தப்பிப்பான், நானும் தப்பிப்பேன். புருல்சாவுக்குக் கோல். உண்மையென்றால் என் லாரியை விற்றுத் தகடு.

4

நேற்று கடப்பாரையோடு போய் ஏற்றத்திலிருந்து ஒரு பாளம் பெயர்த்தேன். துருப்பிடித்த ரேடியேட்டர் தண்ணீர் தேயிலை நிறத்தில் அடுக்கடுக்காக இருந்தது, மாலைக்கு ஓர் அடுக்கு. எந்த ஊற்றும் இப்படிச் சுரக்காது. நான் புளுகன் என்றாலும் பனிக்கட்டிக்கு அந்தப் பெயர் இல்லை. மிச்சத்தைச் சாலைக்காரர்கள் மத்தியானமே உடைத்து ஆற்றில் தள்ளிவிட்டார்கள். இருப்பது இது ஒன்றுதான்.

இனி அந்தச் சாலையில் ஒரு சொட்டு விடுவதில்லை என்று சபதம் செய்து, தண்ணீரை வடிக்காமலே படுத்தேன். காலையில் எஞ்சின் பிளந்து கிடந்தது. (வேறு இடத்தில் வடித்திருக்கலாம். நல்லவனாக இருந்து எனக்குப் பழக்கமில்லை.) ஆக, உண்மையின் விலை இப்போது லாரி அல்ல, விற்க மிச்சமிருக்கும் என் சாம்பல் நிறக் குதிரை.

நரின் போக ஊரில் மிச்சமிருந்த வண்டி ஒன்றே ஒன்று. வழுக்கிய அதே வேன். வழக்கில் மாட்டியவன் ஓட்டுகிறான். கால் உடைந்தவள் பின்னிருக்கையில் மாவுக்கட்டை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். நான் முன்னால். மடியில் இந்த நோட்டு, கால்களுக்கு நடுவில் அந்தப் பாளத்தை வைத்து மூடி போட்ட வாளி.

5

"வாளில என்ன பெரியப்பா?"

"தயிர்."

"கோர்ட்டுக்கா?"

"நீதிபதிக்கு வயிறு சரியில்லையாம்."

"சபராலி அண்ணே," என்றாள் புருல்சா, "உங்க புளுகையெல்லாம் தபாலோட சேர்த்து வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுத்தவ நான். சம்பளம்கூடக் கேட்டதில்ல. இன்னிக்கு ஒரு நாள் லீவு விடுங்க." பிறகு குரல் இறங்கியது. "தம்பி, குளிர்ல கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. சூட்டைக் கொஞ்சம் கூட்டேன்."

"ஹீட்டர் குமிழ் பெரியப்பா பக்கம்தான் இருக்கு அக்கா. அவரு திருப்புவாரு."

சூடான காற்று வருவது என் காலடியில், நேராக வாளியின் மேல். நரினுக்கு இன்னும் ஒரு மணி நேரம். உருகினால் அடுக்கெல்லாம் போய் வெறும் துருத்தண்ணீர். எந்தத் துருப்பிடித்த வாளியிலும் கிடைக்கும்.

முடிவு ஒன்று: குமிழைத் திருப்புகிறேன். கேட்டது அவள்தான், என் மேல் என்ன தப்பு?

முடிவு இரண்டு: திருப்பவில்லை. மலைப்பாதை முழுக்க அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறாள், எதற்கென்றே தெரியாமல்.

முடிவு மூன்று: மூடியைத் திறந்து, "புருல்சா, இதைப் பாரு, இது..."

(இதற்கு மேல் பேனா ஓடவில்லை. மூன்று முறை முயன்றேன்.)

"என்ன அண்ணே, கை உறைஞ்சு போச்சா?"

கை குமிழின் மேல்தான் இருக்கிறது. எந்த முடிவானாலும் சரி, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள் வாசகரே. வாளிக்குள் ஏற்கெனவே சொட்டுகிற சத்தம் கேட்கிறது.