உப்பு ஏரியில் போட்ட வட்டங்கள்

தேனீக்கு உயரம் அளக்கத் தெரியாது. தரை பின்னால் ஓடுவதைப் பார்த்தபடியே இறங்கும். தரை வேகமாக ஓடுவது போலத் தெரிந்தால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம். அதை அப்படியே எடுத்து நிலவில் இறங்கப்போகும் கலத்துக்குக் கண்ணாக வைத்தவள் டீகன். அந்தக் கண் எங்கே ஏமாறும் என்பதும் அவளுக்குத்தான் தெரியும். காற்றே இல்லாத நாளில் கண்ணாடி போலக் கிடக்கும் குளத்தின் மேல் எதுவும் ஓடாது. இன்னும் உயரத்தில் இருக்கிறோம் என்று நினைத்துத் தேனீ நேராகத் தண்ணீரில் விழும்.

"நிலாவுல மொட்டையாக் கெடக்குற சமவெளியும் குளம் மாதிரிதான் ஃப்ரேசர். உயரம் பார்க்குற லேசரைக் கழட்டாதீங்க," என்றாள் முதலாளியிடம்.

"பாரம் டீகன், பாரம்! தேனீ என்ன லேசரைக் கட்டிக்கிட்டா பறக்குது?"

"அதனாலதான் குளத்துல விழுந்து சாவுது."

ஃப்ரேசர் சிரித்தார். "சரி, பந்தயம். லேசரை அணைச்சுட்டு, உப்பு ஏரியில ஹெலிகாப்டர்லேர்ந்து இறக்கிப் பார்ப்போம். விழுந்தா லேசர் உனக்கு. இறங்கிட்டா அப்புறம் நீ வாயே தொறக்கக் கூடாது."

தெற்கு ஆஸ்திரேலியாவில், போர்ட் அகஸ்டா ஊருக்கு வடக்கே, வறண்டுபோன அந்த ஏரி ஒரு கீறல்கூட இல்லாமல் வெள்ளையாக விரிந்து கிடந்தது. பார்த்ததுமே டீகனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கலம் இங்கே நிச்சயம் விழும்.

"என்ன ராணித்தேனீ, நாளைக்கு நம்ம புள்ள மூக்கு உடையப்போவுது, நீ பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிற?" என்றான் மெக்கானிக் மெர்வ்.

"இங்க விழுந்தாத்தான் மெர்வ், அங்க விழாது."

"அப்போ ஏறு வண்டியில. உப்பு ஏரிக்கு வந்துட்டு வண்டியை வழுக்கவிட்டு வட்டம் போடாமப் போனேன்னு தெரிஞ்சா ஊர்ல ஒருத்தனும் எனக்கு பியர் வாங்கித் தரமாட்டான்."

பிக்கப்பை அவளே ஓட்டினாள். பின்சக்கரம் வழுக்க வழுக்க, வட்டத்தின் மேல் வட்டம். உப்புப் பொருக்கு உடைந்து அடியிலிருந்த கறுப்புச் சேறு பிதுங்கியது. வயிறு வலிக்கச் சிரித்தாள்.

மறுநாள் கலம் பூப்போல இறங்கியது.

எல்லாரும் கைதட்டினார்கள். டீகனுக்கு எதுவும் விளங்கவில்லை. ஹெலிகாப்டர்காரர் இறங்கி வந்து கண்ணைக் கசக்கினார். "அப்பப்பா, என்னா வெள்ளை! தரை எங்க இருக்குன்னே தெரியல. கறுப்பா வட்டம் வட்டமா இருந்துச்சு, அதுக்கு மேல கொண்டுபோய் விட்டுட்டேன்."

"கேட்டீங்களா ஃப்ரேசர்? அவருக்கே தரை தெரியல! அது என் டயர் தடம். அதைப் பார்த்துத்தான் இறங்கியிருக்கு. சுத்தமான உப்புல இன்னொரு தடவை விடுவோம்."

"தடத்தைப் போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்போ என்னைக் கேட்டு என்ன ஆகப்போவுது?"

"மழை வருது, நான் கிளம்பணும்," என்றார் ஹெலிகாப்டர்காரர். மாலைக்குள் ஏரியில் தண்ணீர் நின்றுவிட்டது. அடிலெய்டு திரும்பியதும் லேசரைக் கழற்றினார்கள்.

நிலவில் கலம் போன இடத்தில் உச்சிப்பொழுது. கல்லுக்குக்கூட நிழல் இல்லை. கண்ணுக்கு எதுவும் ஓடவில்லை, கலம் வேகத்தைக் குறைக்கவில்லை. திரையில் வெள்ளை பெரிதாகிக்கொண்டே வந்து அப்படியே நின்றுபோனது.

ஃப்ரேசர் நிருபர்களிடம் துக்கக் குரலில் சொன்னார்: "ஒரு பூச்சியோட கண்ணை நம்பினோம். சோதனையில நல்லாத்தான் இறங்குச்சு. அதை வடிவமைச்சவங்களுக்கே ஏன்னு தெரியல."

பின்னால் நின்ற டீகன் வாயைத் திறந்தாள். எதைச் சொன்னாலும் அந்த வட்டங்களைத்தான் சொல்ல வேண்டும். மூடிக்கொண்டாள்.

வாசலில் மெர்வ் ஆறிப்போன கறி பஃப்ஸ் ஒன்றை நீட்டினான். "அடுத்த தடவை வட்டம் போட பிக்கப்பை முன்னாடியே நிலாவுக்கு அனுப்பிடுவோமா, ராணித்தேனீ?"

"அனுப்பு," என்றாள். "சாவியை மட்டும் எங்கிட்ட குடுத்துடாத."